மண்ணை விட்டுக்கொடுத்த தேசீயம்

நாஜிஸத்தை அளவு மீறிப்போன தேசீயம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். வித்தியாசம் அளவில் இல்லை, அடிப்படையிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தென் டிரோலில் இதை ஸ்தூலமாகவே பார்க்கலாம்.

ஆஸ்திரியாவுக்குச் சொந்தமாயிருந்த இந்த மலைப்பகுதி 1919 ஒப்பந்தத்தின்படி இத்தாலியிடம் போயிற்று. மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுகிறவர்கள். முஸோலினியின் அரசு பள்ளிகளிலிருந்து ஜெர்மன் மொழியை விரட்டியது. ஊர்ப்பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றியது. ஜனங்கள் ரகசியப் பள்ளிகள் நடத்தினார்கள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது: ஜெர்மன்காரனை இத்தாலியனாக்கிவிட முடியும் என்று. ஐரோப்பிய தேசீயங்கள் பலவும், பலவந்தமாகவேனும், இந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தன. (எதியோப்பியாவில் இதே பாஸிஸம் நடந்துகொண்ட விதம் வேறு.) 1938இன் இனச் சட்டங்கள் வரும்வரை யூதர்கள் பாஸிஸ்ட் கட்சியிலேயே இருந்தார்கள். முஸோலினியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மார்கெரிட்டா ஸர்ஃபாத்தி யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஹிட்லர் தமது 'எனது போராட்டம்' நூலில் இக்கதவைச் சாத்திவிட்டார். மண்ணை ஜெர்மானியமாக்கலாம், மனிதனை ஆக்க முடியாது என்பது அவர் கட்சி. முஸோலினிக்கு அரசே எல்லாம். இவருக்கு அரசு, இனத்தைக் காக்கும் வெறும் கருவி.

ஆகவே 1939 ஜூனில் விசித்திரமான ஓர் உடன்பாடு. சாதாரண தேசீயவாதி நிலத்தைக் கேட்டிருப்பான். ஹிட்லர் நிலத்தை விட்டுக்கொடுத்து மக்களைக் கேட்டார். ரைஹுக்குப் போவதா, இத்தாலியிலேயே இருப்பதா என்று வருஷ முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 80 சதவிகிதத்துக்கு மேல் போவதாக எழுதினார்கள். போனவர்கள் சுமார் 75,000 பேர். கூட்டணிக்காகக் கொடுத்த விலை இது என்பார்கள். உண்மைதான். ஆனால் தாய்மண் என்பதை விலையாகக் கொடுக்க எந்தச் சித்தாந்தத்தால் முடியும் என்பதே என் கேள்வி.

இவ்வளவு பேசிய ரத்தத்தை எப்படி அளந்தார்கள்? பாரம் பூர்த்தி செய்வதே என் பிழைப்பு என்பதாலோ என்னவோ, இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். 1935 நவம்பர் ஆணைப்படி, தாத்தா பாட்டிமாரில் மூவர் யூதரானால் அவன் யூதன். அந்த மூவர் யூதர் என்பதற்கு அத்தாட்சி? யூத மத சபையில் அவர்கள் இருந்ததாகச் சொல்லும் பதிவேடு. விஞ்ஞானம் என்று முழங்கியவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது பழைய மதப் பேரேடுகளிடம்!

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மன் படை தென் டிரோலுக்குள் நுழைந்தது. ஒரு வாரம் போல்தான்; மெரானோ நகரத்து யூதர்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் வீட்டில் பேசியது ஜெர்மன்.