நியமன மேசையும் கூடைப்பந்தாட்ட அணியும்

தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணியொன்றின் வெற்றி தோல்விகளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஆடுகளத்தையே நோக்குவர். பந்தை எறிந்தவன் கைத்திறனையும், தடுத்தவன் உயரத்தையும், பயிற்சியாளரின் யுக்தியையும் எடைபோடுவரேயன்றி, அந்த ஐவரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய கையொப்பம் எந்த அறையில், எந்த நோக்கத்தோடு இடப்பட்டது என்று கேளாமலே விட்டுவிடுவர். நெய்வேலியில் வசிப்போருக்கோ இவ்வினா இயல்பாகவே எழும். 1956 நவம்பர் 14-ல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம் வீதியும் வீடும் பள்ளியும் மருத்துவமனையும் விளையாட்டரங்கமும் தானே சமைத்த இந்நகரியத்தில், பொது வாழ்வின் பெரும்பகுதி ஏதேனும் ஓர் அலுவலக உத்தரவிலிருந்தே பிறந்தது. 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் நிலக்கரி வெளிப்பட்டது 1961 ஆகஸ்டிலேதான். இடைப்பட்ட ஆண்டுகள் மேல்மண்ணை அகற்றுவதிலும் ஊற்றுநீரை இறைப்பதிலும் கழிந்தன. அணியைச் சமைக்கும் நிர்வாகத் தீர்மானங்களும் அவ்வாறே, பலன் காண்பதற்குப் பல பருவங்களுக்கு முன்பே எடுக்கப்படுபவை.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தபோது அது கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் குளிர்காலப் பயிற்சியே. அச்சங்கத்தின் வழியே அது கடல் கடந்தது; சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தோற்றுவித்த உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் புதிய விளையாட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றனர். ஆனால் ஆட்டக்காரனுக்குச் சோறு போடும் பொறுப்பை முதலில் ஏற்றவை தொழிற்சாலைகளே என்பது இவ்வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி. ஓக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில் என்னும் எண்ணெய் நகரில், ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டே நடத்திய அணி, அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் பட்டத்தைப் பதினொரு முறை வென்றது. ஏழடி உயரம் கொண்ட பாப் கர்லண்டு, தொழில்முறை அணிகளை மறுத்து, ஃபிலிப்ஸ் உத்தியோகத்தையே விரும்பி ஏற்றார். 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றபின்னும் அதே நிறுவனத்தில் அதிகாரியாக நீடித்தார். மறுபுறம், ஃபோர்ட் வெய்ன் நகரில் பிஸ்டன் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் ஸோல்னரின் அணி ஆலையை விட்டுப் பிரிந்து, 1957-ல் டெட்ராய்ட் நகருக்குப் பெயர்ந்து, முழுத் தொழில்முறை அணியாயிற்று. ஒரு பாதை உத்தியோகத்தை நோக்கியும், மற்றொன்று ஒப்பந்தத்தை நோக்கியும் சென்றன.

ஒப்பந்தப் பாதையின் உச்சத்தைக் காண 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து நிகழ்ச்சியொன்றே போதும். பயிற்சியையும் நிர்வாகத்தையும் தாமே கவனித்துவந்த பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரெட் அவர்பாக், பில் ரஸ்ஸல் என்ற கல்லூரி மாணவரைப் பெற விரும்பினார். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் முதலிடம் ராச்செஸ்டருக்கும் இரண்டாமிடம் செயின்ட் லூயிஸுக்கும் உரியதாயிருந்தது. ராச்செஸ்டர் வேறொருவரைக் கொண்டது. செயின்ட் லூயிஸுடன் பேரம் பேசிய அவர்பாக், தம் அணியின் புகழ்பெற்ற எட் மெக்காலேயையும், படையில் பணிபுரிந்துகொண்டிருந்த கிளிஃப் ஹேகனையும் ஈந்து அந்த இடத்தைப் பெற்றார். ரஸ்ஸலோ மெல்போர்ன் ஒலிம்பிக் முடிந்து டிசம்பரில்தான் வந்து சேர்வார் என்பது தெரிந்திருந்தும், பருவத்தின் முற்பகுதியை அவரின்றியே கழிக்கத் துணிந்த அந்நிர்வாகம், 1957 முதல் 1969 வரையிலான பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்களைக் கண்டது. இதைக் கொண்டு செயின்ட் லூயிஸ் ஏமாந்தது என்று எழுதுவோர் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. மெக்காலேயும் ஹேகனும் விளையாடிய அந்த அணியே 1958-ல் பாஸ்டனை வென்று பட்டம் பெற்றது. அங்கே கிடைத்தது ஒரு வருஷத்துப் பலன். பாஸ்டன் பெற்றதோ ஒரு தலைமுறைக்கானது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்தில், ஆட்டம் உத்தியோகப் பாதையிலேயே வளர்ந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித்துறை, சுங்கத்துறை ஆகியவற்றின் அணிகளே நெடுங்காலம் இம்மண்ணின் தொழில்முறை அணிகள். அவற்றின் நிர்வாகமோ பெரும்பாலும் பணியாளர் துறையின் ஒரு மேசை. விளையாட்டு வீரர்களை நியமிப்பதற்கு மத்திய அரசு 1980 ஆகஸ்டு 4-ல் வெளியிட்ட உத்தரவு பழைய வழக்கத்திற்கு விதியின் உருவம் தந்தது. கல்லூரிப் போட்டியில் ஒருவனைக் கண்டு, தேர்வாட்டத்திற்கு அழைத்து, எழுத்தர் பதவியில் அமர்த்திவிட்டால், காலையில் பேரேட்டைப் புரட்டியவன் மாலையில் மைதானத்துக்கு வந்துவிடுவான்; வெளியூர்ப் போட்டிகளுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பெற்றோரின் தடையின்றி ஆட முடிந்ததற்கு இம்முறையே காரணம். அதன் உபகாரத்தை மறுப்பது நன்றி கொன்றதாகும்.

எனினும் அதனுள்ளே ஒரு முரண்பாடு உறைந்துகிடந்தது. ஆட்டக்காரனின் முழுவலிமை பத்தாண்டுகளுக்கு மேல் நிற்பதரிது. உத்தியோகமோ 60 வயது வரை நீடிப்பது. செல்டிக்ஸ் நிர்வாகம் மெக்காலேயை மாற்றிக்கொண்டதுபோல் ஒரு வங்கி தன் எழுத்தரை மற்றொரு வங்கிக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே ஒரே காலத்தில் நியமனம் பெற்ற ஐந்தாறு பேர் ஒன்றாகவே பழுத்து, ஒன்றாகவே மூப்படைய, புதிய நியமனத்திற்கு மேலிடத்து அனுமதி வராத காலத்தில் அணி தன் கடந்தகாலத்தையே சுமந்து ஆடவேண்டியதாயிற்று. கணினி புகுந்து வங்கிகளில் எழுத்தர் பதவிகள் அருகத் தொடங்கியபோது இவ்விடர் இன்னும் கூர்மையடைந்தது. நான் கருதுவது, இவ்வணிகளின் ஏற்ற இறக்கத்தை விளக்கப் பயிற்சியாளர்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டிலும் நியமன உத்தரவுகளின் தேதிகளே அதிகம் உதவும் என்பதாகும்.

2015-ல் தொடங்கி விரைவிலேயே மறைந்த யூ.பி.ஏ. என்னும் கூடைப்பந்தாட்டத் தொடரும், 2022-ல் எழுந்த ஐ.என்.பி.எல். என்னும் தொடரும் ஒப்பந்தப் பாதையை இங்கே திறக்க முயன்றன. பின்னதன் முதல் ஐவர் ஆட்டப் பருவத்தில் சென்னை ஹீட் அணி வாகை சூடியது. ஆனால் ஒப்பந்தப் பாதைக்குப் பொறுமையும் வேண்டும். அமெரிக்காவின் சான் அன்டோனியோ அணி நிர்வாகம் 1999-ல் புதியவர் தேர்வில் 57-ஆவது தெரிவாக மானு ஜினோபிலி என்ற ஆட்டக்காரரை எடுத்துவிட்டு, அவர் ஐரோப்பாவில் முதிர்ந்து வரும்வரை 2002 வரை காத்திருந்தது. சில வாரங்களே நடைபெறும் தொடரில் எந்த நிர்வாகி அவ்வாறு காத்திருக்க இயலும்? மேலும், இத்தொடர்களில் ஆடும் நமது வீரர் பலருக்கு மாதச் சம்பளம் இன்றும் ரயில்வேயிலிருந்தோ வங்கியிலிருந்தோதான் வருகிறது. ஆகையால் அணியின் நிர்வாகி எத்துணை விவேகத்தோடு தம் பன்னிருவரைத் தெரிந்துகொண்டாலும், விடுப்பும் தடையில்லாச் சான்றும் வழங்கவேண்டியவர் ஆட்டத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாத மற்றோர் அலுவலகத்தின் அதிகாரியாகவே இருக்கிறார்.