ஆர்க்ரீவில் முதலில் கை வைத்தது யார்?

இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கும் ராதரத்துக்கும் நடுவே இன்று வேவர்லி என்றொரு புதுக் குடியிருப்பு இருக்கிறது. வரிசை வீடுகள், ஏரி, பக்கத்திலேயே விமானப் பாகங்கள் செய்யும் முறைகளை ஆராயும் கூடங்கள். 1990 வரை இந்த வட்டாரத்தில் ஆர்க்ரீவ் ஆலை புகைந்துகொண்டிருந்தது. நிலக்கரியைச் சூளையில் வாட்டி, எஃகு உருக்கத் தேவைப்படும் கல்கரியாக மாற்றும் ஆலை அது. 1984 ஜூன் 18, திங்கட்கிழமை, அந்த ஆலை வாசலில் நடந்தது என்ன என்பதில் பிரிட்டன் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அந்த ஆண்டு மார்ச் மாதம் தேசிய நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 20,000 பேரின் வேலை போகும் என்ற நிலை. ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. எதிரே நின்றவர் பிரதமர் மார்கரெட் தாட்சர். ஆர்க்ரீவிலிருந்து ஸ்கன்தார்ப் எஃகு ஆலைக்குக் கல்கரி ஏற்றிப்போகும் லாரிகளை மறித்துவிட்டால் அரசு பணியும் என்று சங்கம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்குக்கு ஒரு முன்கதை உண்டு. 1972 பிப்ரவரி 10 அன்று பர்மிங்காம் நகரின் சால்ட்லி கல்கரிக் கிடங்கின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு மறித்தபோது, போலீஸ் வேறு வழியின்றிக் கதவை மூடச் சொன்னது. ஸ்கார்கிலின் பெயர் நாடெங்கும் பரவியது அன்றுதான். சங்கம் அதை வெற்றியாக நினைவில் வைத்திருந்தது. போலீஸ் அதிகாரிகளோ அவமானமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

அதனால் இம்முறை ஏற்பாடே வேறு. வேலைநிறுத்தக் காலம் முழுவதும் மற்ற இடங்களுக்கு மறியலுக்குப் போனவர்களைச் சாலையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிய போலீஸ், ஜூன் 18 அன்று ஆர்க்ரீவுக்கு வந்தவர்களுக்கு வழிகாட்டி, வண்டி நிறுத்த இடமும் காட்டி, ஆலைக்கு எதிரே இருந்த வயலுக்கு அனுப்பிவைத்தது. பல மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட போலீஸார் ஏறத்தாழ 6,000 பேர். நீண்ட கேடயம் பிடித்தவர்கள் முன்வரிசையில், பின்னால் குதிரைப்படை, சிறு கேடயமும் தடியும் ஏந்திய பிரிவுகள் தயார் நிலையில். தொழிலாளர்களின் எண்ணிக்கையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பல ஆயிரம் என்பதில் சந்தேகமில்லை. நல்ல வெயில். பலர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சிலர் பந்து விளையாடினார்கள்.

லாரிகள் வந்ததும் கூட்டம் முன்னே நெட்டியது. இது மறியல்களில் வழக்கமாக நடக்கிற தள்ளுமுள்ளுதான். போலீஸ் வரிசை விலகிக் குதிரைகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பின்னாலேயே சிறு கேடயப் பிரிவுகள் தடியோடு ஓடின. கற்கள் பறந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை. லாரிகள் சரக்கேற்றிக்கொண்டு போன பிறகும் விரட்டல் நிற்கவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வரை போனது. அதிகாரபூர்வக் கணக்கில் காயமடைந்த போலீஸார் 72 பேர், தொழிலாளர்கள் 51 பேர். கைதாகிவிடுவோம் என்று அஞ்சி மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஸ்கார்கிலும் காயமடைந்தார். கேடயத்தால் அடித்தார்கள் என்றார் அவர். சரிவில் வழுக்கி விழுந்தார் என்றது போலீஸ்.

அன்று மாலை பிபிசி செய்தியில் இது எப்படி வந்தது? முதலில் கல்லெறியும் தொழிலாளர்கள், அதன் பிறகு பாயும் குதிரைகள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த போலீஸ் கடைசியில் வேறு வழியில்லாமல் இறங்கியது என்ற கதை பார்த்தவர்கள் மனதில் பதிந்தது. பிபிசி ஒரு காட்சியையும் புனையவில்லை, அவற்றின் வரிசை மட்டும் மாறியிருந்தது. எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் முதல் கேள்வி ‘முதலில் கை வைத்தது யார்’ என்பதுதான். அந்த ஒரு கேள்விக்கான பதிலே அன்று தலைகீழானது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1991இல், ஒரு கடிதத்தில் பிபிசி தவற்றை ஒப்புக்கொண்டது. செய்தியைத் தொகுக்கிற அவசரத்தில் போலீஸ், தொழிலாளர்கள் இருதரப்பின் செயல்களும் தெரியாத்தனமாக முன்பின்னாகிவிட்டன என்பது அதன் விளக்கம். சதி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ‘தெரியாத்தனம்’ என்பதை அப்படியே நம்பலாம். நம்பினால்தான் விஷயம் இன்னும் சங்கடமாகிறது. வரிசை மாறியது தொகுப்பறையில் இருந்த ஒருவர் கண்ணிலும் ஏன் உறுத்தவில்லை? மூன்று மாதமாகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் சொல்லிவந்த கதைக்கு அந்த வரிசை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாத வரிசையாக இருந்திருந்தால் யாராவது மறுபடி ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கதையின் தொனிக்கு ஓர் உதாரணம் போதும். 1984 மே மாதம் ‘தி சன்’ நாளிதழ், கையை உயர்த்தியிருந்த ஸ்கார்கிலின் படத்தைப் போட்டு, ஹிட்லரின் பட்டத்தை அவருக்குச் சூட்டும் தலைப்போடு முதல் பக்கத்தைத் தயாரித்தது. அச்சகத் தொழிலாளர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். படமும் அந்தத் தலைப்பும் இல்லாமல்தான் இதழ் வெளிவந்தது. இப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் நிருபர்களைக் கண்டாலே எரிந்து விழுந்தார்கள், சில இடங்களில் விரட்டவும் செய்தார்கள். எனவே கேமராக்காரர்கள் பெரும்பாலும் போலீஸ் வரிசைக்குப் பின்னால் நின்று படம்பிடித்தார்கள். அங்கே நிற்பவருக்குத் தன்னை நோக்கி வரும் கல் தெரியும். தனக்கு முதுகு காட்டி ஓடும் தடி அவ்வளவாகத் தெரியாது. சார்பு என்றதும் ஆசிரியரின் உள்நோக்கத்தைத் தேடுகிறோம். கேமராவின் கால்கள் எங்கே ஊன்றியிருந்தன என்று கேட்பது பல சமயம் கூடுதல் பலன் தரும்.

எதிர்ப்புறம் நின்று எடுக்கப்பட்ட ஒரு படமும் இருக்கிறது. குதிரை மேலிருக்கும் போலீஸ்காரர் தடியை வீச, கையில் கேமராவோடு ஒரு பெண் ஒதுங்குகிறார். புகைப்படக்காரர் ஜான் ஹாரிஸ் ஆர்க்ரீவில் எடுத்தது. இன்று அந்த வேலைநிறுத்தத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட படம். அன்று பெரும்பாலான தேசிய நாளிதழ்கள் அதைச் சீண்டவில்லை. சுயேச்சைத் திரைப்படக்காரர்கள் சேர்ந்து ‘மைனர்ஸ் கேம்பெய்ன் டேப்ஸ்’ என்ற வீடியோத் தொகுப்பை எடுத்துச் சங்கக் கூட்டங்களில் போட்டுக்காட்டினார்கள். அதில் ஒரு பாகம் முழுவதும் ஊடகங்களைப் பற்றியது. அதன் பெயர், ‘தி லை மெஷின்’. தொழிலாளர் பக்கச் சார்பு அந்த நாடாக்களிலும் உண்டு. ஆனால் அவை அதை மறைக்கவில்லை, தேசிய ஒளிபரப்பு என்ற பெயரிலும் வரவில்லை.

படம் ஒருபுறமிருக்க, நீதிமன்றம் வேறொன்றைக் காட்டியது. 95 பேர் மீது கலவரம், சட்டவிரோதமாகக் கூடுதல் முதலிய வழக்குகள். கலவரக் குற்றத்துக்கு அப்போது ஆயுள் தண்டனை வரை கொடுக்க முடிந்தது. முதல் 15 பேர் மீதான விசாரணை 1985இல் ஷெஃபீல்டு நீதிமன்றத்தில் 48 நாள் நடந்தது. வழக்கறிஞர் மைக்கேல் மான்ஸ்ஃபீல்டு உள்ளிட்டோர் குறுக்கு விசாரணை செய்யச் செய்ய, போலீஸ் தரப்பு ஆட்டம் கண்டது. வெவ்வேறு படைகளைச் சேர்ந்த போலீஸாரின் வாக்குமூலங்களில் ஒரே வாக்கியங்கள் வார்த்தை மாறாமல் இருந்தன. துப்பறிவுப் பிரிவினர் சொல்லச் சொல்ல எழுதியதாகச் சிலர் கூண்டிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாக்குமூலத்தின் கீழ் இருந்த கையெழுத்து அந்தப் போலீஸ்காரருடையதே அல்ல என்றார் கையெழுத்து நிபுணர். போலீஸே எடுத்த வீடியோ போலீஸ் சாட்சியத்துக்கு எதிராகப் பேசியது. கலவரங்களை அடக்க உயர் அதிகாரிகள் ரகசியமாக வகுத்திருந்த ஒரு கையேட்டின் பக்கங்களும் அந்த விசாரணையில்தான் வெளியே வந்தன. நாடாளுமன்றத்துக்கே தெரியாத கையேடு அது. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது; மற்றவர்கள் மீதான வழக்குகளும் போயின. 1991இல் தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது, தவற்றை ஒப்புக்கொள்ளாமலே. எந்தப் போலீஸ்காரர் மீதும் நடவடிக்கை இல்லை.

இதற்குள் மக்கள் மனதில் என்ன தங்கியது? கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடக ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிரெக் ஃபைலோ, வேலைநிறுத்தம் முடிந்தபின் பலதரப்பட்ட ஆட்களிடம் செய்திப் படங்களைக் கொடுத்து, செய்தி எழுதச் சொல்லிப் பார்த்தார். மறியல்கள் பெரும்பாலும் வன்முறையாகவே நடந்தன என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் நம்பினார்கள். நேரில் மறியலைப் பார்த்திருந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்களில் போலீஸாரும் அடக்கம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மணிக்கணக்கில் சும்மா நின்றதும் குளிர்காய்ந்ததும் பேசிச் சிரித்ததும் அவர்களுக்குத் தெரியும், அதெல்லாம் செய்தியாவதில்லை.

தண்டனையின்றித் தப்பிய பழக்கம் திரும்ப வரும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல். கடைசிக் கணக்கில் 97 பேர் இறந்தார்கள். பொறுப்பில் இருந்தது அதே தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ். நான்கு நாள் கழித்து, ரசிகர்கள் மீதே பழிபோடும் பொய்ச் செய்தியை ‘உண்மை’ என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் வெளியிட்டது அதே ‘தி சன்’. போலீஸ் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டிருந்ததை 2012இல் ஒரு சுயேச்சைக் குழு கண்டறிந்தது. அந்த அறிக்கை வந்த சில வாரங்களில்தான் ஆர்க்ரீவ் பழைய கோப்புகளை பிபிசியின் ஒரு நிகழ்ச்சி தூசிதட்டியது; நீதி கேட்கும் இயக்கமும் அந்த ஆண்டே தொடங்கியது.

2016இல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் விசாரணை தேவையில்லை என்று கைவிரித்தார். 2025 ஜூலையில் அவரது நாற்காலியில் இருந்த இவெட் கூப்பர், ஷெஃபீல்டு ஆயர் தலைமையில் சட்டபூர்வ விசாரணையை அறிவித்தார். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அன்று வயலில் நின்றவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. விசாரணை அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2024 ஏப்ரலில், நார்தம்ப்ரியா போலீஸ் தன்னிடமிருந்த ஆர்க்ரீவ் ஆவணங்களை அழித்துவிட்டது.