தோணி ஏறாத கள்ளத்தோணிகள்

2024 டிசம்பரில் ரோஹிங்கிய முஸ்லிம்கள் நூற்றுக்கும் அதிகமானோரை ஏற்றிய படகொன்று முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. அவர்களை வைத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா என்று நாடு வாதிட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து லிந்துலைக் கடைவீதியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். எம்மவர் எல்லோருக்கும் அதே பேச்சு, அதே கவலை. பக்கத்து வாங்கில் இருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானா, அவங்களையும் கள்ளத்தோணின்னுதான் சொல்றாங்களா?" என்றார். கேலியாக அல்ல, விசாரிப்பாகத்தான் கேட்டார். எங்களில் எவரும் உடனே பதில் சொல்லவில்லை.

அந்தச் சொல் அவருடைய தகப்பனார் மீது எறியப்பட்ட சொல். அது எப்படி லயத்துக் காம்பராக்கள்வரை ஏறி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது.

உண்மையாகவே களவாகத் தோணியில் வந்தவர்கள் இருந்தார்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரவில் கடல் கடந்தவர்களைத் தடுக்க 1952இல் இராணுவம் இறக்கப்பட்டது. 1963இல் அதற்கெனவே ஒரு செயலணி அமைந்து 1981வரை இயங்கியது. எந்த அரசும் தன் கரையைக் காக்கத்தான் செய்யும். அதில் எமக்கு வழக்கில்லை.

ஆனால் லிந்துலைக்கு வந்தவர்கள் எந்தத் தோணியில் வந்தார்கள்? முதல் தலைமுறையினர் கங்காணிமாரின் பின்னால், மன்னார்க் காடுகளினூடாக மாத்தளைவரை நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர் தொகை பெரிது. பின்வந்தவர்கள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, வைத்தியப் பரிசோதனை முடிந்து, தோட்டத்தின் பெயரும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டோடு, அரசாங்கம் அறிய, துரைமார் கேட்டுக்கொண்டபடி கொண்டுவரப்பட்டவர்கள். அந்த முகாமை நடத்தியதே இலங்கை அரசுதான். 1939இல் இந்தியா கூலியாட்கள் வருவதைத் தடைசெய்தபோது அந்த வழியும் அடைபட்டது. அதற்குப் பின் தோட்டங்களில் பெருகியவர்கள் இங்கேயே பிறந்த பிள்ளைகள்.

1947 பொதுத்தேர்தலில் இந்த மக்கள் வாக்களித்தார்கள். லிந்துலையை அடுத்த தலவாக்கலைத் தொகுதியில் எழுத்தாளர் ஸி.வி. வேலுப்பிள்ளையும் நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வென்று பாராளுமன்றம் சென்றார்கள். சுதந்திரம் கிடைத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைமுறைக்கு வராத காலத்தில் லயத்தில் பிறந்த ஒருவனுடைய சாட்சிப்பத்திரத்தை அவனுடைய பேரன் எங்கே போய்த் தேடுவான்? நாட்டின் மற்றப் பகுதிகளிலும் எத்தனை பேரிடம் அது இருந்தது? ஆனால் கேட்கப்பட்டது இவர்களிடம்தான். இடதுசாரிகளும் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. எவரும் ஓரடி நகராமலே, கொழுந்துக் கூடையோடு மலையில் நின்ற இடத்திலேயே நாடற்றவரானார்கள்.

இவ்விடத்தில் எம் பக்கத்துக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். அச்சட்டத்தைக் கொண்டுவந்த டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் எமது பெருமதிப்புக்குரிய டி.பி. ஜாயா. தோட்டத் தொழிலாளரின் விவகாரம் வேறு யாருடையதோ என்று முஸ்லிம் தலைமை எண்ணியிருக்கலாம். ஆனால் அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே 'இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்' சட்டம். நாம் சம்மாங்காரர் என்று அழைத்த இந்திய முஸ்லிம்கள், மலையக நகரங்களில் புடவைக் கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருந்தவர்கள், புறக்கோட்டையில் 1908இல் தொடங்கி அந்தச் சிவப்புப் பள்ளிவாசலைக் கட்டியெழுப்பியவர்கள், எல்லோரும் அதே வலைக்குள்தான் விழுந்தார்கள். குடிசனமதிப்பில் 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்ற இரண்டு பத்திகள் இருந்தன. அந்தக் கோடு எமக்குள்ளும் இருந்தது. அது எமக்குப் பாதுகாப்பு என்றே பலர் நம்பினார்கள். தோட்டத் தொழிலாளருக்குத் தலைமை தாங்க முன்நின்ற ஏ. அஸீஸ் ஒரு முஸ்லிம் என்பதை எமது வரலாறுகள் எத்தனை வரிகளில் எழுதுகின்றன?

1949 சட்டப்படி விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். மணமானவருக்கு ஏழு வருடம், மணமாகாதவருக்குப் பத்து வருடம் 1946க்கு முன் தொடர்ந்து வதிந்த சான்று வேண்டும். ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் 1,34,000 பேர் அளவில்தான். ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் கோடாக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1953இல் தோற்றது. சிறுபான்மையைக் காக்கவென்று சோல்பரி யாப்பில் எழுதியிருந்த 29ஆம் பிரிவு அன்று உதவவில்லை. அப்பிரிவை நம்பியிருந்தவர்கள் தோட்டத் தமிழர் மட்டுமல்லர்.

பிறகு பங்கு பிரித்தார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் 9,75,000 பேர் எண்ணப்பட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். எந்த நாடு வேண்டும் என்று அந்த மக்களிடம் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை முடிவாகிவிட்டது. தலவாக்கலைப் புகையிரத நிலைய மேடையில் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக நின்று, கட்டிப்பிடித்து அழுது பிரிந்த குடும்பங்களின் கதை இப்பகுதியில் இன்னும் சொல்லப்படுகிறது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரன்'.

முடிவில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்ன சொன்னது? 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்தவரும் அவருடைய சந்ததியினரும் பிரஜைகள். பாட்டன் பூட்டன் பத்திரம் தேவையில்லை. வாழ்ந்த வருடங்களே போதும். இதை 1948இலேயே சொல்லியிருக்க முடியும். ஐம்பத்தைந்து வருடமும் பல இலட்சம் பேரின் இடப்பெயர்வும் அதற்கு விலையாயின.

இதனால்தான் அந்தப் பெரியவரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. ரோஹிங்கியரைத் தோணியில் ஏற்றியதும் ஒரு பிரஜாவுரிமைச் சட்டமே. 1982இல் பர்மா இயற்றிய அச்சட்டம் 1823க்கு முன்பே முன்னோர் அங்கிருந்ததைக் காட்டச் சொன்னது. பூட்டனைக் காட்டு என்று இலங்கை கேட்ட அதே கேள்விதான், ஆண்டு மட்டும் வேறு. அவர்களுக்காகக் கையேந்தித் துஆக் கேட்கும் நாம், அந்தக் கேள்வி முதலில் எம் கண்ணெதிரே கேட்கப்பட்டபோது மௌனமாக இருந்தோம். கள்ளத்தோணி யார் என்று விசாரிக்கும் நாடு, அவனைத் தோணியில் ஏற்றிய தாள் எது என்றும் விசாரித்தால்தான் அது விசாரணை. தாளைக் கிழித்தவனை விட்டுவிட்டுத் தாளில்லாதவனை மட்டும் நாடுகடத்துவது சட்டமாக இருக்கலாம், தீர்வாக இருந்ததில்லை.

மண்டபம் முகாமின் கதையும் முடியவில்லை. கூலிகளாக இலங்கைக்கு அனுப்பப்பட்டவர்களைச் சோதித்த அதே இடம், 1983க்குப் பின் இலங்கை அகதிகளின் முகாமாயிற்று. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்பவர்களுள் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. இந்திய வம்சாவளியினரான தமக்குப் பிரஜாவுரிமை வேண்டுமென்று முகாம்வாசிகள் சிலர் தொடுத்த வழக்கில், 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணித்தது. அவர்களுக்கு எதிரே வைக்கப்பட்ட சொல், ஆவணமின்றி நுழைந்த 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்பது. அவர்களுடைய பூட்டன்மார் தகரத் துண்டோடு புறப்பட்டது அந்தக் கரையிலிருந்துதான்.