இரண்டரை மில்லிகிராமின் பயணம்

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம் என்றதும் எல்லாருக்கும் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம்தான் நினைவுக்கு வரும். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளோடு வந்து தங்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் அம்மாக்கள் சிலருக்கு அந்த ஊரால் வேறொரு வசதியும் உண்டு. காரியவட்டம், ஸ்ரீகாரியம், உள்ளூர் தாண்டினால் மெடிக்கல் காலேஜ் வளாகம். அதற்குள் 1981-இல் தொடங்கிய ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து வீடு திரும்புகிறவரின் பையில் பல நேரம் ஒரு சின்ன அட்டை இருக்கும்: லெட்ரோசோல் 2.5 மி.கி. தினம் ஒன்று, பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள்.

இந்த மருந்தின் வம்சம் வலிப்பு நோயில் தொடங்குகிறது. 1960-இல் வலிப்புக்காக விற்பனைக்கு வந்த அமினோகுளுடெத்திமைடு, அட்ரினல் சுரப்பியையே முடக்கிப்போட்டதால் சில ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டது. அதே மருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் குறைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அட்ரினலைத் தொடாமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் நிறுத்த முடியுமா என்று எழுபதுகளில் அமெரிக்காவில் தேடத் தொடங்கியவர் ஏஞ்சலா பிரோடி. அவருடைய ஃபார்மெஸ்டேன் என்ற மருந்து வழி திறந்தது. அதே வேலையைச் செய்யும் அனஸ்ட்ரோசோல் 1995-லும் லெட்ரோசோல் 1997-லும் அமெரிக்க அனுமதி பெற்றன. பிரோடியின் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிடும், ஈஸ்ட்ரோஜன் ஓய்வதில்லை. அட்ரினல் சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொழுப்பு, தசை, தோல், சில சமயம் கட்டியே கூட, ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டிருக்கும். மாற்றுவது அரோமடேஸ் என்ற நொதி. அதன் நடுவே ஓர் இரும்பு அணு. லெட்ரோசோலின் நைட்ரஜன் போய் அந்த இரும்பைப் பற்றிக்கொள்ள, ஆண்ட்ரோஜனுக்கு இடமில்லாமல் போகிறது. இரண்டு மூன்று நாளிலேயே ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் 75 முதல் 95 சதவீதம் வரை குறைந்துவிடும். ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகைக் கட்டிக்கு அது பட்டினி. இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பை 2009-இல் வெளியிட்டது தேபாசிஷ் கோஷ் தலைமையிலான குழு. மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த நொதியை வைத்தே அதைக் கண்டார்கள்.

மாதவிடாய் நிற்காத பெண்ணின் உடலில் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை பிட்யூட்டரி சுரப்பியை முடுக்கும். சினைப்பை இன்னும் வேகமாக இயங்கும். அதனால் அப்படிப்பட்டவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சையில் சினைப்பையை அடக்காமல் லெட்ரோசோலை மட்டும் கொடுப்பதில்லை. அதே முடுக்கத்தைத்தான் குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டையை வெளிவரவைக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பயன்பாட்டை இந்திய அரசு 2011-இல் தடைசெய்து, 2017-இல் மீண்டும் அனுமதித்தது.

ஈஸ்ட்ரோஜன் எலும்புக்கும் காவல். அது போனால் எலும்பு தேயும், உடம்பில் திடீர் திடீரென்று அனல் ஏறும். காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாது, தோசைக்கரண்டி பிடிக்க முடியாது, மாடிப்படியில் முட்டி பிடித்துக்கொள்ளும். கட்டிதான் போய்விட்டதே, இந்த வலி எதற்கு என்று பலர் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்குறைய இரண்டு நாளில் பாதியாகும். சில வாரங்களில் அரோமடேஸ் பழைய வேலைக்குத் திரும்பிவிடும்.

நிறுத்த நினைப்பதற்கு விலைதான் காரணம் என்றால், கேரள அரசு 2024 முதல் குறிப்பிட்ட காருண்யா மருந்தகங்களில் புற்றுநோய் மருந்துகளை லாபம் வைக்காமல் விற்கிறது, விசாரியுங்கள். வலிதான் காரணம் என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, நடைப்பயிற்சி, தேவைப்பட்டால் இதே வகையில் வேறொரு மாத்திரை என்று அவர்களிடம் வழி இருக்கிறது. நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.