கூட்டமும் கற்றலும்: குரங்காய்வு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மன்னார்த் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில், மடுவைச் சூழ்ந்த வறண்ட வலயக் காடுகளில், செங்குரங்கும் மந்தியும் வாழ்கின்றன. கூட்டமாக வாழ்தலே இவற்றின் இயல்பு. ஆயினும் குரங்கின் கற்றலை ஆராய்ந்த உளவியலார் நெடுங்காலம் தனிக் குரங்கையே நோக்கினர்.

1949இல் அமெரிக்க உளவியலாளர் ஹரி ஹாலோ தம் புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். இரு பொருள்களுள் ஒன்றன் கீழ் உணவு இருக்கும். எதுவெனக் குரங்கு கண்ணால் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இத்தகைய சோதனைகள் பலவற்றிற் பழகிய குரங்கு, புதியதொன்றை மிக விரைவில் தீர்த்தது. கற்கும் முறையையே அது கற்றுக்கொண்டது எனலாம். சிறந்த கண்டுபிடிப்பே, எனினும் சோதிக்கப்பட்ட குரங்கின் அருகில் அதன் சமுதாயம் இருக்கவில்லை.

அச்சமுதாயம் எத்தகையது என்பதை நம் நாட்டுக் காடொன்று காட்டிற்று. 1968இல் வொல்ப்காங் டிட்டஸ் பொலன்னறுவையிற் செங்குரங்குகளை ஆராயத் தொடங்கினார். அங்குக் கூட்டத்தினுள் உறுதியான படிநிலை நிலவியது. பஞ்ச காலத்தில் தாழ்நிலைக் குட்டிகள் உணவினின்று விரட்டப்பட்டன. அவற்றுட் பல மடிந்தன.

உணவை மறுக்கும் படிநிலை அறிவையும் மறுக்குமா? 1999இல் கிறிஸ்டின் ட்ரியா, கிம் வாலன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. குழுவாக வாழ்ந்த ரீசஸ் குரங்குகளுக்கு, உணவுள்ள பெட்டிகளை நிறங்கொண்டு அறியும் பயிற்சி அளிக்கப்பட்டது. மேல்நிலையின தனித்தும் கீழ்நிலையின தனித்தும் இருந்தபோது இரு சாராரும் நன்கு தேறினர். ஒன்றாக விடப்பட்டபோது மேல்நிலையின முன்போலவே செயற்பட்டன. கீழ்நிலையினவோ அறியாதன போல் நடந்துகொண்டன. அவற்றின் அறிவு குன்றவில்லை. அதனை வெளிக்காட்டும் வாய்ப்பே குன்றியது.

குரங்கினின்று மனிதனுக்கு நேரே தாவுதல் ஆய்வு நெறியன்று. மனித ஏற்றத்தாழ்வு வரலாற்றின் ஆக்கம், ஆகவே மாற்றத்தக்கது. ஆயினும் அளவிடும் முறை பற்றிய எச்சரிக்கை நமக்கும் உரியதே. 1990இல் வெளியேற்றப்பட்டோரும் பின்னர்ப் போரால் இடம்பெயர்ந்தோரும் மீண்டு குடியேறிய கரை மன்னார்க் கரை. அங்கே வகுப்பின் கடைசி வாங்கில் வாய்திறவாதிருக்கும் பிள்ளையை மந்தம் எனக் குறிக்குமுன், அப்பிள்ளை எவர் முன்னிலையில் மௌனமாகின்றது என வினவுதல் நம் கடனாகும்.