துரும்பும் தீர்ப்பும்

'விவாகரத்து' என்ற சொல்லில் தமிழ் வேர் எதுவும் இல்லை. விவாகம் சமஸ்கிருதம், ரத்து அரபியில் பிறந்து உருது வழியாகக் கச்சேரிக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வந்தது. இதை வைத்துக்கொண்டு, விஷயமே நமக்கு அந்நியம் என்று முடிவு கட்டுகிறவர்கள் எழுத்தாளர்களிலும் உண்டு. தம்மம்பட்டிப் பக்கம் இந்தச் சொல்லை வக்கீல் குமாஸ்தாதான் சொல்வார். மற்றவர்களுக்கு அது 'தீத்து விட்டாச்சு', 'அத்து விட்டாச்சு'. கடனைத் தீர்ப்பதுபோல, கயிற்றை அறுப்பதுபோல. சொல் இப்படிப் புழங்கித் தேய்ந்திருக்கிறதென்றால் செயலும் நெடுநாள் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

செயலுக்குச் சாட்சியமும் உண்டு. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளில், மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடையே சாதியார் முன்னிலையில் கணவன் மனைவி கையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணம் முறிந்துவிடும் என்ற குறிப்பு இருக்கிறது. உழைக்கும் சாதிகள் பலவற்றில், துரும்பு இல்லாவிட்டாலும், பெரியவர்கள் கூடிப் பேசி, பரிசத்தைக் கணக்குப் பார்த்து, இருவரையும் விடுவிக்கிற வழக்கம் இருந்தது. இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. கூடியவர்கள் ஆண்கள், துரும்பு ஆணின் கையில் இருந்தது. ஆனாலும் அறுபட்ட பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சந்தேகம் கோர்ட்டோடு வந்தது. வெள்ளைக்கார நீதிபதிகள் தர்ம சாஸ்திரத்தை இந்துக்கள் எல்லோருக்குமான சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அதன்படி மணம் ஒரு சம்ஸ்காரம், அறுக்க முடியாதது. வழக்கத்துக்கு அவர்கள் இடமே தரவில்லை என்று சொல்ல முடியாது. ராமநாதபுரம் ஜமீனின் தத்து வழக்கில் 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தை மீறி நிற்கும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 'நிரூபிக்கப்பட்ட' என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் மாறிவிட்டது. வாழ்ந்துகொண்டிருந்த வழக்கம் அன்றிலிருந்து சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியதாயிற்று.

மறுபுறம், மணவிலக்கு எல்லோருக்கும் உரிமையாக வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. பரோடா சமஸ்தானம் 1931இல் சட்டம் செய்தது; பம்பாய் 1947இல்; சென்னை மாகாணம் 1949இல். 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. கொடுமையும் கைவிடுதலும் மணவிலக்குக்கே நேர்க் காரணமானதும், இருவரும் ஒப்பி விலகலாம் என்ற 13பி பிரிவு சேர்ந்ததும் 1976இல்தான். இன்று ஒப்பி விலக விரும்புகிறவர்கள் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து கேட்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தேவையானால் நீதிமன்றம் தள்ளிவிடலாம் என்று 2017இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒருவர் ஒப்பாவிட்டால் காரணம் காட்டி, சாட்சி வைத்து, ஆத்தூருக்கோ சேலத்துக்கோ வருஷக்கணக்கில் பஸ் ஏற வேண்டும். அலைச்சல்தான். ஆனால் அங்கே பெண் தன் பெயரில் மனுதாரர். பஞ்சாயத்தில் அவளுக்காகப் பேசியது அப்பனோ அண்ணனோதான்.

1955 சட்டம் பழைய வழக்கத்தை அழிக்கவில்லை. 29(2) பிரிவு, வழக்கப்படி மணம் முறிக்கும் உரிமையை அப்படியே விட்டுவைத்தது. ஆகவே ஊரில் அத்துவிடுவதும் நின்றபாடில்லை. துரும்பின் இடத்தில் முத்திரைத்தாள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இருவரும் கையெழுத்து, ஊரார் நால்வர் சாட்சி, நோட்டரி முத்திரை. இது போதும் என்று நம்பி அவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்கிறாள். இருபது முப்பது வருஷம் கழித்து அவன் இறந்ததும், குடும்ப ஓய்வூதியத்துக்கோ வங்கிக் கணக்குப் பணத்துக்கோ வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள். பங்காளி ஒருவன் முதல் கல்யாணத்தைக் கிளப்புகிறான். எங்கள் மேஜைக்கு அந்தத் தாள் எட்டாக மடிந்து, மடிப்பில் கிழிந்து வரும். அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர ஒரு குமாஸ்தா செய்யக்கூடியது அதிகமில்லை.

தாள் செல்லாது என்பதல்ல. அது மட்டும் போதாது. இப்படி அறுத்துக்கொள்ளும் வழக்கம் தன் சாதியில் நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரியாக இருந்தது என்று அவள் நிரூபிக்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2002இலும், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2005இலும் இதையே வலியுறுத்தியது. நிரூபிக்காவிட்டால் முதல் மணம் நிற்கிறது. இரண்டாவது இல்லாமல் போகிறது.

தம்மம்பட்டியில் நின்றால் ஒரு புறம் கொல்லிமலை, ஒரு புறம் பச்சைமலை. மேலே வாழும் மலையாளிகள் பழங்குடிகள் என்பதால் 2(2) பிரிவின்படி இந்தச் சட்டம் அவர்களைத் தொடுவதில்லை. அவர்களுக்கு வழக்கமே சட்டம். ஆனால் மலையைவிட்டு இறங்கிக் கோர்ட்டுக்கு வருகிற பெண்ணிடமும் கேட்கப்படும் கேள்வி அதேதான்: உன் வழக்கத்துக்கு என்ன அத்தாட்சி?

சரித்திரம் எழுதப்படாதவர்களிடம் சரித்திரம் கேட்பது என்பது இதுதான். சாஸ்திரம் எழுதிவைத்தவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. அவர்களுடைய வழக்கம் முன்னமே சட்டமாக இருந்தது. வாய்ப்பேச்சாக வாழ்ந்த வழக்கத்தை யார் எழுதிவைத்தார்கள்? தர்ஸ்டன் எழுதினார், கெஜட்டியர்காரர்கள் எழுதினார்கள், ஆள்வதற்காக. நம் நாவல்கள் தாலி கட்டுவதை நூறு விதமாக எழுதியிருக்கின்றன. அத்துவிட்டு வந்து, மறுபடி கட்டிக்கொண்டு, சாதாரணமாக வாழ்ந்தவளை எழுதியது அபூர்வம். அப்படி எழுதியிருந்தாலும் கோர்ட் அதைச் சாட்சியமாக ஏற்காது. ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே நமக்குத் தெரியாது என்ற நிலையாவது இல்லாமல் இருந்திருக்கும்.