போலீஸையும் ஒப்பந்தத்தில் எடுக்கலாமா? லேக்வுட் ஊரின் கதை



போன பொதுக்குழுவில் செக்யூரிட்டி ஏஜென்சியைத் தொடர்வதா, நாமே காவலாளிகளை வேலைக்கு வைப்பதா என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். முடிவு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, என்றோ படித்த ஓர் அமெரிக்க ஊரின் நினைவு வந்தது. ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரும் இதே கேள்வியைச் சந்தித்தது. அங்கே பேச்சு வாட்ச்மேனைப் பற்றி அல்ல, போலீஸைப் பற்றி.

பணம் கட்டிப் போலீஸ் வைப்பதா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். நான் கரன்சி செஸ்ட் இருந்த வங்கிக் கிளையில் வேலை பார்த்தவன். அங்கே காவல் நிற்கும் ஆயுதப் போலீஸாருக்கான செலவை வங்கிதான் அரசுக்குக் கட்டும். ஆனால் அது ஒரு கட்டடத்துக்கு. ஒரு ஊருக்கே அப்படிச் செய்தால்?

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் இருக்கிறது லேக்வுட். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். 1950 வரை அங்கே பெரும்பாலும் அவரைத் தோட்டங்கள்தான். மூன்றே ஆண்டுகளில் சுமார் 17,500 வீடுகள் எழுந்தன. நகராட்சி கிடையாது. கவுண்டியின் ஷெரிஃப்தான் காவல் பார்த்தார். பக்கத்திலிருந்த லாங் பீச் நகரம் இந்தப் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முயன்றது. சேர விருப்பமில்லாத மக்கள் தனி நகரமாக வேண்டும் என்றார்கள். ஆனால் தனி நகரம் என்றால் போலீஸ் நிலையம், வண்டிகள், பயிற்சி, சம்பளம், பென்ஷன் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். புது ஊரிடம் அதற்குப் பணம் ஏது?

ஜான் டாட் என்ற வழக்கறிஞரும் மற்றவர்களும் ஒரு வழி கண்டார்கள். ஊருக்குத் தனி மன்றம் இருக்கும். போலீஸ் உள்ளிட்ட சேவைகளைக் கவுண்டியிடமே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 1954 ஏப்ரல் 16 அன்று லேக்வுட் நகரமானது. இந்த முறைக்கு ‘லேக்வுட் திட்டம்’ என்றே பெயர் வந்தது. இன்று அதே கவுண்டியில் 40-க்கும் மேற்பட்ட நகரங்கள் ஷெரிஃபின் போலீஸை இப்படித்தான் வாங்குகின்றன. லேக்வுட்டும் அதைக் கைவிடவில்லை.

எப்படி வாங்குகிறார்கள் என்று பார்த்தால் நம்மைப் போன்ற கணக்குக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். 56 மணி நேர யூனிட் என்று ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 7 நாள் ரோந்து. இப்படி எத்தனை யூனிட் வேண்டும் என்று ஊர் மன்றம் முடிவு செய்யும். விலையை ஆண்டுதோறும் கவுண்டியின் கணக்குத் துறை நிர்ணயிக்கும். போலீஸார் மீது வழக்கு வந்தால் இழப்பீடு கொடுப்பதற்கென்று ஒரு பொது நிதி இருக்கிறது. அதற்கும் ஊர்கள் பில்லோடு சேர்த்து ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டுகின்றன.

விலை பற்றிய சண்டை விரைவிலேயே தொடங்கியது. சொந்தப் போலீஸ் வைத்திருந்த நகரங்கள், “எங்கள் வரிப் பணத்தில் ஒப்பந்த ஊர்களுக்குச் சலுகை தருகிறீர்கள்” என்றன. தலைமை அலுவலகச் செலவில் ஒப்பந்த ஊரின் பங்கு எவ்வளவு என்பதுதான் வழக்கு. கவுண்டி எப்படியும் செய்தாக வேண்டிய பொதுச் செலவை ஒப்பந்த ஊர்களின் தலையில் கட்டக் கூடாது என்று 1973-இல் மாநிலச் சட்டமே வந்தது.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதே கவுண்டியில் உள்ள காம்ப்டன், 2000-ஆம் ஆண்டு தன் போலீஸ் துறையைக் கலைத்துவிட்டு ஷெரிஃபிடம் போனது. பத்து ஆண்டு கழித்து மீண்டும் சொந்தப் போலீஸ் வேண்டும் என்று முயன்றது. பணம் போதாமல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கலைப்பதற்கு ஒரு கூட்டமும் ஒரு தீர்மானமும் போதும். திரும்பக் கட்ட நிலையம், வண்டி, ஆள் எல்லாம் முதலிலிருந்து வேண்டும். அதோடு, ஷெரிஃபைத் தேர்ந்தெடுப்பது கவுண்டி முழுவதிலும் உள்ள வாக்காளர்கள். ஒரு சிறிய ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றாலும் அவரை நீக்கும் அதிகாரம் அந்த ஊருக்கு இல்லை.

மேவுட் கதை வேறு மாதிரி. சொந்தப் போலீஸ் மீது வழக்குகள் குவிந்ததால் 2010-இல் அந்தச் சிறிய நகரம் காப்பீட்டையே இழந்தது. போலீஸைக் கலைத்து, மற்ற ஊழியர்களையும் அனுப்பிவிட்டு, காவலை ஷெரிஃபிடமும் அலுவலக வேலையைப் பக்கத்து ஊரான பெல்லிடமும் கொடுத்தது. சில வாரங்களிலேயே, பெல் நகர நிர்வாகி ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் எடுத்துவந்தது அம்பலமானது. அப்படிப்பட்ட அலுவலகத்திடம்தான் மேவுட் தன் சாவியைக் கொடுத்திருந்தது!

என் கருத்தைக் கேட்டால், சிறிய ஊர் போலீஸைப் பணம் கொடுத்து வாங்குவதில் தவறில்லை. தனியாக வைத்துச் சமாளிக்க முடியாத ஊர் தனியாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேவுட்டே சாட்சி. ஆனால் வாங்குகிற ஊர் மூன்று காரியங்களைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்: வாங்கிய மணி நேரம் முழுதாக வந்ததா என்று சரிபார்க்க ஓர் ஆள், மக்களின் புகாரைக் கேட்க ஓர் இடம், ஒப்பந்தம் சரிப்படாவிட்டால் வெளியே வரக் கொஞ்சம் சேமிப்பு.

நம் செக்யூரிட்டி ஒப்பந்தத்துக்கும் இவற்றைப் பொருத்திப் பாருங்கள். இரவு ஷிஃப்டுக்கு நான்கு பேர் என்று பில் வருகிறது. நான்கு பேர் வந்தார்களா என்று கையெழுத்துப் போட்டுப் பார்ப்பவர் நம்மில் யார்? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இதற்கொரு பதிலோடு வாருங்கள். வருகைப் பதிவேட்டை வாரம் ஒரு நாள் சரிபார்க்க நான் தயார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் நல்லது.